மலிவு விலைக் கைத்துப்பாக்கியில் மிச்சமாவது எது?

1981 மார்ச் 30 அன்று வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டல் வாசலில் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரேகனைச் சுடப் பயன்பட்ட ரிவால்வர், டாலஸ் நகரத்து அடகுக்கடை ஒன்றில் 47 டாலருக்கு வாங்கப்பட்டது. ரோம் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஆர்ஜி-14 ரகம் அது. துப்பாக்கியைப் பற்றித் தெரிந்தவர்கள் ஏளனத்தோடு மட்டுமே பேசும் சரக்கு. ஆனால் அன்று அதன் ஆறு தோட்டாக்களும் இரண்டு நொடிக்குள் தடையின்றி வெடித்தன. மலிவான துப்பாக்கி அவசரத்தில் கைவிட்டுவிடும் என்ற எச்சரிக்கையை எங்கே கேட்டாலும் எனக்கு இந்த ஆறு தோட்டாக்கள்தான் நினைவுக்கு வரும். விலை குறைந்த கைத்துப்பாக்கியை நம்பி வாங்கலாமா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முடியாததற்கு அது ஒரு காரணம். நம்பகம் என்று நாம் சொல்லும்போது இரண்டு தனித்தனிப் பண்புகளைச் சேர்த்தே சொல்கிறோம் என்பது இன்னொரு காரணம்.

முதலாவது, சுட வேண்டிய நேரத்தில் சுடுவது. இரண்டாவது, சுடக் கூடாத நேரத்தில் சுடாமல் இருப்பது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே விசாரிக்கிறார்கள். கடைக்காரரும் அதைப் பற்றியே பேசுகிறார். ஏனென்றால் சிக்கிக்கொள்ளும் துப்பாக்கி சுடுதளத்தில் முதல் நாளிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இடுப்பிலிருந்து நழுவித் தரையில் விழும்போது வெடிக்கக்கூடிய துப்பாக்கியோ, விழும் நாள் வரை குறையற்றதாகவே தோன்றும். அமெரிக்க நீதிமன்றங்களில் கோடிக்கணக்கான டாலர் இழப்பீட்டுக்குக் காரணமான வழக்குகளில் நான் அறிந்தவை எல்லாமே இந்த இரண்டாவது பண்பைச் சார்ந்தவை.

இன்றைய அமெரிக்கச் சந்தையில் க்ளாக் 19 போன்ற ஒரு புதுப் பிஸ்டல் சுமார் 500 முதல் 600 டாலர். இருநூறு, இருநூற்றைம்பது டாலரில் கிடைப்பவற்றைத்தான் இங்கே மலிவு விலை என்கிறேன். (அங்கே வாழும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு: ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது, கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை.)

மலிவு விலைத் துப்பாக்கிக்கு இருக்கும் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது ஒரு சட்டத்தின் பக்கவிளைவில் போய் நிற்கிறது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விளையாட்டு நோக்கத்துக்குப் பொருந்தாத சிறிய கைத்துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. நீளம், எடை, காலிபர் (குழலின் உள்விட்டம்), பாதுகாப்பு அமைப்புகள் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, பிஸ்டலுக்கு 75, ரிவால்வருக்கு 45 என்று தேர்ச்சி மதிப்பெண்ணும் வைத்தார்கள். ஆனால் அந்த மதிப்பெண் துறைமுகத்துக்கு மட்டுமே. உள்நாட்டில் தயாராகும் துப்பாக்கிக்கு அப்படி ஒரு தேர்வே இல்லை. ரோம் நிறுவனம் ஜெர்மனியிலிருந்து உதிரிபாகங்களை அனுப்பி மயாமியில் பூட்டத் தொடங்கியது. ரேகன் மீது சுட்ட ரிவால்வர் அப்படிப் பூட்டப்பட்ட ஒன்றுதான். கலிபோர்னியாவில் விமானத் துறைக்கு உதிரிபாகங்கள் செய்துகொண்டிருந்த ஜார்ஜ் ஜென்னிங்ஸ், மலிவுச் சரக்கு வருவது நின்றுபோனதை ஓர் அடகுக்கடை நண்பர் மூலம் அறிந்து, 1970இல் ரேவன் ஆர்ம்ஸைத் தொடங்கினார். அவருடைய எம்பி-25, உள்ளங்கையில் அடங்கும் .25 காலிபர் பிஸ்டல். அதன் வெற்றியைப் பார்த்து அவருடைய உறவினர்களும் பழக்கமானவர்களும் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி அடுத்தடுத்துத் தொழிற்சாலைகள் திறந்தார்கள். பிரைக்கோ, டேவிஸ், லோர்சின், ஃபீனிக்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவை. இந்த வட்டாரத்தைப் பற்றி 1994இல் விரிவான ஆய்வு வெளியிட்ட மருத்துவர் காரன் வின்டமூட் அதற்கு ‘நெருப்பு வளையம்’ என்று பெயர் வைத்தார். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தயாரான கைத்துப்பாக்கிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தச் சில தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. ‘சாட்டர்டே நைட் ஸ்பெஷல்’ என்று மக்கள் அழைத்தது இந்தக் குட்டிப் பிஸ்டல்களையும் அவற்றுக்கு முந்திய இறக்குமதி ரிவால்வர்களையும்தான்.

அவற்றின் விலை எப்படி அவ்வளவு குறைந்தது என்பதற்கு விடை உலோகத்தில் இருக்கிறது. எஃகுக் கட்டியைக் கடைந்து பாகம் செய்வதற்குப் பதிலாக, துத்தநாகத்தோடு சிறிது அலுமினியமும் செம்பும் மக்னீசியமும் சேர்ந்த ஸாமாக் என்ற கலவையை உருக்கி அச்சில் அழுத்தி வார்த்துவிடுவார்கள். நானூறு டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும் கலவை என்பதால் அச்சு நெடுநாள் தேயாது; வெளியே வரும் பாகத்தில் கடைசல் வேலையும் அதிகம் மிஞ்சாது. விளையாட்டுக் கார்களும் கதவுக் கைப்பிடிகளும் செய்யும் அதே முறை. இல்லினாய் மாநிலம் இதை மனதில் வைத்து, 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உருகும் துத்தநாக வார்ப்பில் செய்த கைத்துப்பாக்கிகளை வணிகர்கள் விற்கக் கூடாது என்று சட்டமே போட்டது. துப்பாக்கியின் பாதுகாப்பை உருகுநிலையைக் கொண்டு அளப்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே படுகிறது. அடுப்பில் வைத்துச் சுடுவதற்கு யாரும் பிஸ்டல் வாங்குவதில்லை. ஆனால் உருகுநிலைக்குப் பின்னால் இருக்கும் வலிமைக் குறைவு உண்மையானது. துத்தநாக வார்ப்பு எஃகைவிட மிகவும் மென்மையானது. தொடர்ந்து அடிவாங்கும் விளிம்புகள் சுட்டுச்சுட்டுத் தேய்ந்து வட்டமாகும், நுண்ணிய வெடிப்புகள் விழும். ஆயிரக்கணக்கில் சுடுவதற்கென்று எவரும் எம்பி-25ஐ வடிவமைக்கவில்லை.

அப்படியானால் துத்தநாகம் என்றாலே கூடாதா என்றால், அதற்கு விடையாக ஒஹாயோ மாநிலத்தின் ஹை-பாயின்ட் சி9 பிஸ்டலைக் காட்டுவார்கள். இருநூறு டாலரைச் சுற்றி விற்கும் இந்த 9 மி.மீ. பிஸ்டலை முதல்முறை கையில் எடுப்பவருக்கு, ஏதோ பொருத்தம் தவறி இரண்டு துப்பாக்கிகளை ஒட்டவைத்ததுபோலத் தோன்றும். கீழே மெல்லிய பிளாஸ்டிக் சட்டகம். மேலே, ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய்வரும் ஸ்லைடு, செங்கல்போல. மொத்த எடை சுமார் 820 கிராம், அதில் பெரும்பங்கு மணிக்கட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அந்த அவலட்சணத்துக்குக் காரணம் உண்டு. பெரும்பாலான 9 மி.மீ. பிஸ்டல்களில் குண்டு வெளியேறும் வரை குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருந்து, அழுத்தம் தணிந்த பிறகே பிரியும். சி9இல் அந்தப் பூட்டே கிடையாது. தோட்டாவின் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது ஸ்லைடின் எடையும் அதன் ஸ்பிரிங்கும் மட்டுமே. பூட்டு இல்லாததால் செய்ய வேண்டிய நுண்வேலை குறைகிறது, செலவும் குறைகிறது. அந்தச் சேமிப்பை வாங்குபவர் கனமாகச் சுமக்கிறார். தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் எட்டே தோட்டாக்கள். சுத்தம் செய்யக் கழற்ற வேண்டுமென்றால் சுத்தியும் ஆணியும்போல ஏதாவது வைத்து ஒரு முளையைத் தட்டி வெளியே எடுக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சி9 பெரும்பாலும் சுடுகிறது. சிக்கல் வரும்போது அது வழக்கமாக மேகசினிலிருந்து வருகிறது. தகட்டின் மேலுதடுகள் சற்றே விரிந்தோ குறுகியோ இருந்தால் தோட்டா தவறான கோணத்தில் எழும்பி, குழலின் வாயில் மூக்கை இடித்துக்கொண்டு நிற்கும். நிறுவனம் ஆயுட்கால உத்தரவாதம் தருகிறது. இரண்டாம் கையாக வாங்கியவரிடமும் பில் கேட்பதில்லை. தன் அழகைப் பற்றி அந்த நிறுவனத்துக்கே எந்த மயக்கமும் இல்லை: 2019இல் ஒரு புது மாடலுக்குப் பெயர் வைக்க இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தி, மக்கள் ‘யீட் கேனன்’ என்ற கேலிப் பெயரைத் தேர்ந்தெடுக்க, முதலில் தயங்கிவிட்டுப் பிறகு அதையே ஏற்றுக்கொண்டது. எம்பி-25க்கும் சி9க்கும் ஒரே உலோகம், ஒரே எளிய இயக்கம். ஒன்று ஏமாற்றமாகவும் மற்றொன்று ஓரளவு நம்பிக்கைக்குரியதாகவும் அமைந்ததற்குக் காரணம், ஹை-பாயின்ட் அந்த உலோகத்தின் பலவீனத்தை ஒப்புக்கொண்டு, அதற்கேற்பக் கனத்தைக் கூட்டியதுதான்.

இரண்டாவது பண்புக்கு வருவோம். 1994இல் வட கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் பிரைக்கோவின் மாடல் 38 பிஸ்டலிலிருந்து தோட்டாவை வெளியே எடுக்க ஒருவர் முயன்றார். அந்தப் பிஸ்டலில் பாதுகாப்பு விசை போட்டிருக்கும்போது ஸ்லைடை இழுக்கவே முடியாது. அறைக்குள் இருக்கும் தோட்டாவை எடுக்க வேண்டுமென்றால் முதலில் பாதுகாப்பை விலக்கி, துப்பாக்கியைச் சுடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆபத்தை நீக்குவதற்கான முதல் படியே ஆபத்தை உயிர்ப்பிக்கும் படியாக இருந்தது. விசையை விலக்கும்போது துப்பாக்கி வெடித்து, அங்கிருந்த 7 வயதுச் சிறுவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனான். 2003இல் ஜூரி ஏறத்தாழ 5 கோடி டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பளித்து, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கைத் தயாரிப்பாளர் தரப்பின் மீது சுமத்தியது. இது துத்தநாகத்தின் குற்றம் அல்ல. ஒரு விசையையும் ஒரு ஸ்லைடையும் எப்படி இணைப்பது என்று காகிதத்தில் வரைந்தவரின் முடிவு. அந்தப் பிஸ்டல் சுடுதளத்தில் ஆயிரம் முறை குறையில்லாமல் சுட்டிருந்தாலும் இந்தக் குறை தெரிந்திருக்காது.

இப்படிப்பட்ட குறையை அரசு கண்டுபிடித்துத் திரும்பப் பெறச் செய்யாதா என்று கேட்பது இயல்பு. 1972இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய சட்டம் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் அதன் அதிகாரத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. பொம்மைத் துப்பாக்கியில் கூர்முனை இருந்தால் அதைக் கடைகளிலிருந்து விலக்க அந்த ஆணையத்தால் முடியும். நிஜத் துப்பாக்கி தானாக வெடித்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. திரும்பப் பெறுவது நிறுவனத்தின் விருப்பம், அல்லது வழக்கின் விளைவு. சில மாநிலங்கள் மட்டும் சொந்தமாகத் தேர்வு வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் 2001 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஒவ்வொரு மாடலிலும் மூன்று துப்பாக்கிகளை ஆய்வகத்தில் 600 தோட்டாக்கள் வீதம் சுட்டுப் பார்ப்பார்கள். முதல் 20 தோட்டாக்களில் ஒரு தடங்கலும் கூடாது. 600க்குள் ஆறு தடங்கல்கள் வரை மன்னிப்பு உண்டு. சுடுபவருக்குக் காயம் உண்டாக்கக்கூடிய வகையில் எந்த இயங்கு பாகமும் உடையவோ விரிசல் விடவோ கூடாது. பிறகு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஆறு வெவ்வேறு நிலைகளில் கான்கிரீட் மீது போட்டு, வெடிக்கிறதா என்று பார்ப்பார்கள். நூற்றுக்கு ஒரு தடங்கல் என்ற அளவுகோல் தாராளமானதுதான். ஆனாலும் கீழே போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு சட்டம் கட்டாயப்படுத்துவது சிறிய விஷயமல்ல. நிறுவனங்கள் எல்லாம் தாமாக அதை ஒழுங்காகச் செய்வதில்லை என்பதற்கு அடுத்து வரும் இரண்டு கதைகளும் சாட்சி.

பிரேசிலின் டாரஸ் நிறுவனம் பல ஆண்டுகளாக அமெரிக்காவின் மலிவு விலைப் பிஸ்டல் சந்தையில் முன்னணியில் இருக்கிறது. 2013இல் அயோவா மாநிலத்தில் ஒருவரைத் துரத்திக்கொண்டு ஓடிய ஷெரீஃப் துறை அதிகாரி ஒருவரின் டாரஸ் பிஸ்டல் உறையிலிருந்து விழுந்து வெடித்தது. அவர் தொடுத்த வழக்கு ஒன்பது மாடல்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10 லட்சம் பிஸ்டல்களை உள்ளடக்கியதாக விரிந்து, 2015இல் சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே பழுதுபார்க்கவும் பணம் தரவும் சம்மதித்தது. மலிவு என்றால் இதுதான் கதி என்று அப்போது பலரும் தலையசைத்தார்கள். இரண்டே ஆண்டில், அப்படி எளிதில் தலையசைக்க முடியாத ஒன்று நடந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தன் புதிய கைத்துப்பாக்கியாக சிக் சாவர் நிறுவனத்தின் பி320ஐத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அந்த மாடலின் பொதுமக்கள் வடிவம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கிறது என்பதைத் தனியார் சிலர் சோதித்துக் காட்டினார்கள். பிஸ்டலின் பின்புறம் தரையில் மோதி நின்றுவிட, கனமான டிரிகர் மட்டும் தான் வந்த வேகத்திலேயே பின்னால் நகர்ந்து, யாரும் தொடாமல் தன்னைத்தானே அழுத்திக்கொண்டது. எடை குறைந்த டிரிகரைப் பொருத்தித் தர நிறுவனம் முன்வந்தது. அதன் பிறகும், கை படாமலே வெடித்தது என்ற வழக்குகள் தொடர்ந்தன. நிறுவனம் அதை மறுத்துவருகிறது. 2024 நவம்பரில் பிலடெல்பியா ஜூரி ஒன்று 1.1 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. ஐந்நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கும் துப்பாக்கியும் இந்த விஷயத்தில் விலக்குப் பெறவில்லை.

ஆகவே விலைக்கும் நம்பகத்துக்கும் தொடர்பே இல்லை என்று முடிவுகட்டலாமா? அதுவும் தவறு. இன்று இருநூறு டாலரில் கிடைக்கும் பிஸ்டல், 1985இல் கிடைத்த மலிவுப் பிஸ்டலிலிருந்து வேறான ஒரு பொருள். கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரங்கள் எஃகு வேலையின் செலவைக் குறைத்துவிட்டன. 1982இல் ஆஸ்திரிய ராணுவத்துக்காக காஸ்டன் க்ளாக் உருவாக்கிய பிளாஸ்டிக் சட்டகமும் எளிய உள்ளமைப்பும், காப்புரிமைக் காலம் முடிந்ததும் எல்லோரும் பின்பற்றக்கூடிய பாடமாகிவிட்டன. பல்மெட்டோ ஸ்டேட் ஆர்மரி விற்கும் டாகர் பிஸ்டல் ஏறக்குறைய அந்த வடிவத்தின் நகல்தான். டாரஸ் ஜி2சி, ரூகர் இசி9எஸ் போன்றவை துத்தநாகத்தில் வார்த்தவை அல்ல. எஃகு ஸ்லைடும் முறையான பூட்டும் கொண்டவை. அவற்றில் குறைவது மேற்பூச்சின் தரம், டிரிகரின் மென்மை, குறிபார்க்கும் அமைப்பு, உடன் வரும் மேகசின்களின் எண்ணிக்கை. இவை இல்லாமலும் துப்பாக்கி சுடும்.

இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் குறைகிறது: சோதனை. விலையைப் பிடித்து வைக்க வேண்டிய தொழிற்சாலையில், அளவு சற்றுத் தவறிய பாகத்தைத் தூக்கி எறியும் கண்டிப்பும் தளர்கிறது. அதனால் மலிவு மாடல்களின் பொதுவான குறை, எல்லாமே மோசமாக இருப்பதல்ல, ஒன்றுக்கொன்று வேறுபடுவது. ஒருவருடைய பிஸ்டல் இரண்டாயிரம் தோட்டாக்களைத் தும்மாமல் சுடும். அடுத்த பெட்டியில் இருந்தது முதல் மேகசினிலேயே காலி உறையை வெளியே தள்ள முடியாமல், ஸ்லைடுக்கும் குழலுக்கும் நடுவே அடுப்புப் புகைபோக்கிபோல நிமிர்த்தி வைத்துக்கொண்டு நிற்கும். அடுத்தவர் அனுபவம் உங்கள் கையில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றிச் சொல்வது குறைவு. எனவே தொழிற்சாலை செய்யாத சோதனையை வாங்கியவர்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தச் சோதனைக்கு எவ்வளவு ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. இருநூறு தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட்டுவிட்டால் நம்பலாம் என்பது பரவலான வழக்கம். புள்ளியியலில் இதற்கு எளிய சூத்திரம் உண்டு: எத்தனை முறை குறையின்றி நடந்ததோ அந்த எண்ணால் மூன்றை வகுத்தால், உண்மையான குறை விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது 95 சதவீத உறுதியோடு கிடைக்கும். மூன்றை இருநூறால் வகுத்தால் 1.5 சதவீதம். அதாவது, இருநூறும் சுத்தமாகச் சுட்ட பிறகும், ஒரு பத்துத் தோட்டா மேகசினில் எங்காவது சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு ஏழில் ஒன்று வரை இருக்கக்கூடும் என்பதை அந்தச் சோதனையால் மறுக்க முடியாது. ஒரே ஒரு பெட்டி, ஐம்பது தோட்டாக்கள் மட்டும் சுட்டவருக்கு அந்த எல்லை 6 சதவீதம். ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவை நிறுவ வேண்டுமென்றால் 3,000 தோட்டாக்கள் சுட வேண்டும். பயிற்சித் தோட்டா ஒன்று கால் டாலர் என்று வைத்தாலும் 750 டாலர். துப்பாக்கியின் விலையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். தற்காப்புக்கென்று விற்கும் குழிமுனைத் தோட்டாக்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டாலர் ஆகும். சாதாரணத் தோட்டாவை விழுங்கும் பிஸ்டல் இவற்றின் மழுங்கிய மூக்கில் தடுக்கிக்கொள்வது உண்டு என்பதால், எதைப் போட்டு வைக்கப் போகிறோமோ அதையும் சுட்டுப் பார்க்காமல் தீராது. இருநூறு டாலர்தான் இருக்கிறது என்பதால் மலிவுத் துப்பாக்கியைத் தேடி வருபவரால் இந்தச் செலவைச் செய்ய முடியாது. சோதிக்கப்பட வேண்டிய துப்பாக்கி, சோதிக்க வசதியில்லாதவர் கையில் போய்ச் சேருகிறது.

என் கருத்தைக் கேட்டால், அந்தப் பணத்துக்குப் புதிதாக ஒன்றைத் தேடுவதைவிட, இன்னும் நூறு டாலர் சேர்த்துக் காவல்துறைகள் கைமாற்றிவிடும் பழைய க்ளாக் அல்லது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனைத் தேடுவேன். உறையில் உரசிப் பூச்சுப் போயிருக்கும்; ஆனால் அந்த மாடல்களை ஆயிரக்கணக்கான அதிகாரிகள் பல ஆண்டுகள் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள், அந்தச் செலவை யாரோ ஏற்கெனவே செய்துவிட்டார்கள். புதியதுதான் வேண்டும் என்றால் எஃகு ஸ்லைடு உள்ளதாக, வரிசை எண்ணைக் கொடுத்தால் திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று சொல்லக்கூடிய, இன்றும் இயங்கும் நிறுவனத்தின் சரக்காக இருக்க வேண்டும். டாரஸ்கூட 2023இல் தன் ஜிஎக்ஸ்4 பிஸ்டல்கள் சிலவற்றை அப்படித்தான் திரும்ப அழைத்தது. சுட்டுப் பழக மட்டும் என்றால் .22 காலிபர் ஹெரிட்டேஜ் ரிவால்வர் போதும். தோட்டா வெடிக்காமல் போனாலும் சுத்தியலை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்துவிடும். ரேவன் வழிவந்த துத்தநாகக் குட்டிப் பிஸ்டல்களை எந்த விலைக்கும் வாங்க மாட்டேன்.

அந்தக் கடைசி வரி வெறும் உலோகத்தை வைத்துச் சொன்னதல்ல. 2003 தீர்ப்புக்குப் பின் பிரைக்கோ திவால் மனு கொடுத்தது. 2004இல் சொத்து ஏலத்துக்கு வந்தபோது, அன்று காயம்பட்ட சிறுவன், பதின்பருவத்து இளைஞனாக, முடிக்கப்படாத துப்பாக்கிகளையெல்லாம் வாங்கி உருக்கிவிட நன்கொடை திரட்டி 5,05,000 டாலருக்குக் கேட்டான். தொழிற்சாலையின் முன்னாள் மேற்பார்வையாளர் 5,10,000 டாலருக்குக் கேட்டு எடுத்தார். ஹிமெனெஸ் ஆர்ம்ஸ் என்ற பெயரில் உற்பத்தி தொடர்ந்து, நெவாடாவுக்கு இடம்பெயர்ந்து, 2020இல் அதுவும் திவாலானது. ரேவனின் தொழிற்சாலை 1991இல் தீயில் எரிந்தது. லோர்சினும் டேவிஸும் பின்னர் திவாலாகி மூடப்பட்டன. அவர்கள் செய்த லட்சக்கணக்கான பிஸ்டல்கள் மட்டும் அடகுக்கடைக் கண்ணாடிப் பெட்டிகளில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பாதுகாப்பு விசையை விலக்கினால்தான் தோட்டாவை வெளியே எடுக்க முடியும் என்ற பழைய மாடல் 38ஐ அங்கே ஒருவர் இன்று வாங்கினால், அதைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்புவதற்கு ஒரு முகவரி கிடையாது.